விளக்கறையில் கண்ணாடி இருக்கிறதா, பார்த்துச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். உன் நலமும் மருமகள் நலமும் பாப்பாவின் நலமும் அறிய ஆவல்.

உனக்குக் கடிதம் எழுதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதினதுதான். கை நடுங்குகிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் சொல்லிவிடலாமே என்று அக்கா சொன்னாள். நீ எடுப்பதில்லை என்று நான் குறை சொல்லவில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புகிறதற்கெல்லாம் நீலக் கோடு விழுந்துவிடுகிறது, பார்த்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதுவே போதும் என்று சித்திரை முழுக்க இருந்தேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது.

பின்பக்கச் சுவர் கட்டியாயிற்று. அக்கா மகன் பெரியவனுக்கு பரீட்சை முடிந்து வீட்டில்தான் இருக்கிறான். என் சுகர் பரவாயில்லை. இவ்வளவுதான் ஊர்ச் செய்தி. நான் எழுத வந்தது நீ ஸ்டேட்டஸில் வைக்கிற அந்தப் படங்களைப் பற்றி.

ஆறு நடுவில் ஒரு கோட்டையின் கல் சுவர், சுவருக்கு மேலே காடு மாதிரி மரம், ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்குக் கூண்டு. ஏப்ரலிலிருந்து இதுவரை ஏழு படம். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன், பழைய லாக் புக் பழக்கம் போகவில்லை. ஏழும் ஒரே இடத்திலிருந்து எடுத்தது. ஏழிலும் சூரியன் கோட்டைக்குப் பின்னால் நிற்கிறது, கோபுரம் கறுப்பாகத் தெரிகிறது. கிழக்கே பார்த்து எடுத்திருக்கிறாய், காலை நேரம். கிழமை பார்த்தால் திங்கள், செவ்வாய், புதன், மறுபடி செவ்வாய். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தே கலங்கரை விளக்கத்தில் 37 வருஷம் சம்பளம் வாங்கினவன் நான். வேலை நாளில் ஆற்றோரம் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வெளி வேலையாகப் போயிருப்பாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தண்ணீர் ஓரத்தில் தனியாக ரொம்ப நேரம் நிற்காதே. பாறை வழுக்கும்.

ஏழு படத்திலும் அதே விளக்கு வருகிறதே, யார் கட்டினது, ஏன் அணைந்தது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. பெரியவனை உட்கார வைத்து, லேப்டாப்பில் தேடி வாசிக்கச் சொன்னேன். அவன் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். இரண்டு நாள் ஆயிற்று. நீ தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய், அதன் கதை உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எழுதுகிறேன்.

அதன் பெயர் ஃபோர்ட் கரோல். அது தீவே இல்லை, தம்பி. உங்கள் அமெரிக்காவிலே பால்டிமோரை ஒட்டி ஓடுகிற படாப்ஸ்கோ ஆற்றின் ஆழம் குறைந்த இடத்தில் மரத்தூண்களை அடித்து இறக்கி, கல்லைப் போட்டு, மனுஷன் உண்டாக்கின திட்டு. மூன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு பக்கம். 1814-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து பால்டிமோர் வாசலில் இருக்கிற மெக்ஹென்றி கோட்டையை 25 மணி நேரம் குண்டு போட்டு அடித்தார்கள். கோட்டை தாங்கிவிட்டது. ஆனால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே காவல் அந்த ஒரே கோட்டைதான் என்கிற பயம் போகவில்லை. அந்தப் பயத்தில்தான் ஆற்றின் நடுவிலே இன்னொன்று கட்ட முடிவு பண்ணியிருக்கிறார்கள். 1848-இல் வேலையை ஆரம்பித்தவர் ராபர்ட் லீ. பின்னால் உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்குத் தளபதியாக நின்றாரே, அவர்தான். அப்போது வெறும் ராணுவ இன்ஜினீயர். தண்ணீருக்குள்ளே அஸ்திவாரம் போடுகிற வேலை என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தீவு ஸ்டேஷனில் நம் படகுத்துறை இரண்டு தடவை இடிந்து விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மனுஷன் நாலு வருஷம் அந்தச் சேற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார். 1852-இல் ராணுவ அகாடமிக்கு மாற்றல் வந்து போய்விட்டார்.

225 பீரங்கி வைக்கத் திட்டம். அடுக்கு அடுக்காகச் சுவர் எழும்ப வேண்டியது. பணம் வருவது நின்றுபோயிற்று, ஒரே அடுக்கோடு நின்றுவிட்டது. அப்புறம் உள்நாட்டுப் போரில் புதுவகைப் பீரங்கி வந்து, கல் கோட்டை எதற்கும் உதவாது என்று ஆகிவிட்டது. எதிரியைப் பார்த்து ஒரு குண்டு சுட்டதில்லை அது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் கடைசியாகக் காலமானவர், 95 வயசு வரை இருந்த சார்லஸ் கரோல், அவர் பெயரை வைத்தார்கள். பெயர் பெரிசு.

ஆனால் விளக்கைப் பார். 1854-இல் ஏற்றிவிட்டார்கள். கோட்டை முடியவில்லை, விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. பெரியவன் இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 225 பீரங்கிக்காகப் போட்ட திட்டிலே வேலை பார்த்ததெல்லாம் அந்த ஒரு விளக்குதான். துறைமுகத்துக்குள் போகிற கப்பலுக்கு, இங்கே திட்டு இருக்கிறது, விலகிப் போ என்று ராத்திரி ராத்திரி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. 1898-இல் ஸ்பெயினோடு சண்டை வந்தபோது கோட்டையில் கான்கிரீட் மேடை போட்டுப் புதுப் பீரங்கி வைத்தார்கள். நீ படம் எடுக்கிற மரக்கூண்டும் அந்த வருஷம் கட்டினதுதான், பழையதை எடுத்துவிட்டு. அந்தப் பீரங்கிகளும் முதல் உலகப் போரில் கழன்று வேறு இடம் போயின.

1920-இல் விளக்கைத் தானியங்கியாக மாற்றிவிட்டார்கள், கீப்பர் வேண்டாம் என்று. அதோடு ஒட்டி ராணுவமும் காலி பண்ணிப் போய்விட்டது. அந்தக் கடைசிக் கீப்பர் எந்தப் படியில் இறங்கி, எந்தப் படகில் ஏறினாரோ. என் கடைசி ஸ்டேஷனில் சோலார் தகடு பொருத்தின அன்றைக்கு நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சாயந்திரம் வழக்கம் போல மேலே போய் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. விளக்கு தானாக எரிந்தது. கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் இருந்தது, வேட்டி முனையால் துடைத்துவிட்டு இறங்கினேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

1945-இல் அந்த விளக்கை அடியோடு நிறுத்திவிட்டார்கள். 91 வருஷம் எரிந்திருக்கிறது. 1958-இல் ஒரு வழக்கறிஞர் அந்தத் திட்டையே 10,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார், சூதாட்ட விடுதி கட்டலாம் என்று. அதுவும் நடக்கவில்லை. இப்போது மரமும் பறவையும்தான். கூண்டு மட்டும் நிற்கிறது.

நிறுத்தின விளக்கு என்றால் அவமானம் என்று நினைக்காதே. நம் சென்னையிலேயே பார். முதல் விளக்கு 1796-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில், தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்தது. அது போதாமல் 1844-இல் தூண் மாதிரி ஒன்று கட்டினார்கள். 1894-இல் ஹைகோர்ட் குவிமாடத்தின் உச்சிக்கு விளக்கு போயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த 1977-இல் மெரினாவுக்கு வந்தது. ஆனால் அந்தத் தூண் ஹைகோர்ட் வளாகத்தில் இன்றைக்கும் நிற்கிறது. உன்னைத் தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறேன், அப்போது உனக்கு நாலு வயசு. விளக்கு போய் 130 வருஷம் ஆகிறது, அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. அதன் வேலை முடிந்தது, அவ்வளவுதான். கூண்டு செய்த தப்பு எதுவும் இல்லை.

ஆனால் எங்கள் வேலையில் ஒரு கட்டளை உண்டு. எந்த ஊர் விளக்கானாலும், எந்த நாட்டு விளக்கானாலும் அதுதான். விளக்கை நிறுத்தப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாலுமிகளுக்கான அறிவிப்பு என்று அச்சடித்துக் கப்பல் கப்பலாக அனுப்புவார்கள். இந்தத் தேதியிலிருந்து இந்த விளக்கு எரியாது, உன் வரைபடத்தில் அடித்துத் திருத்திக்கொள் என்று. பழுதாகி அணைந்தாலும் உடனே தகவல் கொடுக்க வேண்டும். விளக்கு அணைவதில் ஆபத்து இல்லை தம்பி. சொல்லாமல் அணைவதில்தான் ஆபத்து. அதை நம்பிக் கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு ஒருவன் வந்துகொண்டிருப்பான்.

உனக்குப் புரியும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. கண் விழித்துக் கெட்டுப்போன உடம்பு என்னுடையது, பார்த்திருக்கிறாய். தண்ணீர் ஓரத்தில் நிற்காதே.

பால்டிமோரில் கப்பல் மோதி அந்தப் பாலம் விழுந்த அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 2024 மார்ச் 26. இங்கே பகல், நான் சாப்பாட்டுக்கு உட்காரப் போகிற நேரம். டிவியில் அந்தக் காட்சியைக் காட்டுவதற்கு முன்னாலேயே நீ கூப்பிட்டுவிட்டாய். “அப்பா, பயப்படாதீங்க, நாங்க நல்லா இருக்கோம், நான் வீட்லதான் இருக்கேன்” என்றாய். அங்கே நடுராத்திரி தாண்டி இருந்திருக்கும், நீ தூக்கத்திலிருந்து எழுந்து முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். அன்றைக்கு நம் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன், என் மகன் மாதிரி யாருக்கு மகன் இருக்கிறான் என்று. இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். கேட்கிறவர்களிடம் மகன் நன்றாக இருக்கிறான், நேற்றுகூடப் பேசினான் என்று சொல்கிறேன். பொய் சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து டைரியில் ‘போன் வரவில்லை’ என்று எழுதுகிறேன்.

அந்தக் கப்பல் கொழும்புக்குக் கிளம்பினது. ‘டாலி’ என்று பெயர். அதன் மாலுமிகள் 21 பேரில் 20 பேர் நம் நாட்டுப் பிள்ளைகள், ஒருவர் இலங்கைக்காரர். கரன்ட் போய், கப்பல் கட்டுக்கு அடங்காமல் பாலத்துத் தூணை நோக்கிப் போகும்போது, உள்ளே இருந்தவர்கள் உடனே கரைக்குத் தகவல் கொடுத்தார்கள். கட்டுப்பாடு போய்விட்டது, பாலத்தில் வண்டிகளை நிறுத்து என்று. சில நிமிஷங்கூடக் கிடைக்கவில்லை. அதற்குள்ளே போலீஸ் இரண்டு பக்கமும் வண்டியை மறித்துவிட்டது. பாலத்து நடுவில் சாலைக் குழி அடைத்துக்கொண்டிருந்த ஆறு பேரைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆறு குடும்பத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஆனால் யோசித்துப் பார். நம்மால்தான் இப்படி ஆயிற்று என்று யாராவது ஒரு நிமிஷம் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் எத்தனை வண்டி போயிருக்கும்? முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதால் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

அந்தக் கப்பலும் மே 20 வரை அங்கேயே தட்டி நின்றது. அந்தப் பிள்ளைகள் கீழே இறங்க முடியாமல் அதற்குள்ளேயே. போனைக்கூட விசாரணைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் தண்ணீர். நீ நிற்கிற கரையிலிருந்து அவர்கள் தெரிந்திருப்பார்கள். அந்த அணைந்த விளக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கும். நான் தீவில் இருந்த மூன்று வருஷமும் இப்படித்தான் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்று அப்போது உன்னிடம் போனில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை, தம்பி.

வைகாசியில் அம்மாவின் திதிக்கு நீ வரவில்லை. இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். சரி என்றேன். அக்காதான் சமைத்து, இலை போட்டு, காக்கைக்கு வைத்தாள். காக்கை நேரம் கழித்துத்தான் வந்தது. மூன்று வருஷமாக லீவு கிடைக்காத ஆபீஸ் என்ன ஆபீஸ் என்று அத்தான் கேட்டார். நான் அவர் மேல் கோபப்பட்டேன். என் மகன் பொய் சொல்லமாட்டான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி 8.30-க்குக் கூப்பிட்டேன். பாப்பா எடுத்தாள். அப்போது அங்கே காலை 11 மணி. மருமகள் வந்து போனை வாங்குவதற்குள் பாப்பா சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அவளைக் கோபிக்காதே. குழந்தை, கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். மருமகளையும் ஒன்றும் சொல்லாதே, அவள் உன்னை விட்டுக்கொடுக்கவே இல்லை. மீட்டிங்கில் இருக்கிறார் மாமா என்றாள். குரலை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தோடு நான் கேட்பேன்?

1988 ஐப்பசியில் உனக்கு டைபாய்டு வந்ததே, ஏழு வயசில். ஆஸ்பத்திரியில் 18 நாள். அம்மா எனக்குத் தந்தி கொடுத்தாள். வியாழக்கிழமைப் படகில் வந்து சேர்ந்தது. நான் அதே படகில் பதில் கொடுத்தனுப்பினேன். ‘லீவ் நாட் கிராண்டட்’. மூன்று வார்த்தை. அந்தத் தந்திக் காகிதத்தை அம்மா வெகுநாள் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். நீ பெரியவனான பிறகு ஒரு தடவை அதை எடுத்துக் காட்டி, “சாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கக்கூட லீவு குடுக்காத வேலைப்பா இது” என்று சொன்னாய். ஆபீஸைத் திட்டினாய். எனக்காகப் பரிந்து பேசினாய்.

நான் லீவு கேட்கவே இல்லை, தம்பி.

விண்ணப்பமே எழுதவில்லை. எழுதியிருந்தால் கிடைத்திருக்கும், எனக்குக் கீழே உதவியாளர் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் கைதேர்ந்தவர்கள். அந்தப் படகிலேயே ஏறியிருந்தால் மறுநாள் பொழுது விடியும்போது உன் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பேன். ஏறவில்லை. படகுத்துறையில் நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்றால், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி என்னிடம் இல்லை. நான் சீட்டுக் கட்டினது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சீட்டுக்காரன் ஓடிவிட்டான். கட்டின பணமும் போய், கட்டுவதற்காக வாங்கின கடனும் கழுத்தில் நின்றது. அதை அடைக்கச் சங்கிலியை அடகு வைத்தேன். கொக்கி விட்டுப்போயிற்று, பத்தரிடம் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொண்டு போனது அது. உனக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றதும் அம்மா முதலில் கேட்கப் போவது அந்தச் சங்கிலியை என்று எனக்குத் தெரியும். போய் நின்றால் சொல்லியாக வேண்டும். அதனால் போகவில்லை. உன் காய்ச்சலைவிட எனக்கு அந்தக் கேள்வி பெரிதாக இருந்தது. எழுதிவிட்டேன். இனி நீ என்ன நினைத்தாலும் சரி.

அந்த 18 நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. பகலில் லென்ஸைச் சுற்றித் திரை போடுவோமே, வெயில் உள்ளே பட்டுத் தீப்பிடிக்காமல் இருக்க, நீ ஒரு தடவை அதை விலக்கி மரப்பெட்டி கருகி, நான் உன்னை அடித்தேனே, அந்தத் திரைக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். வெளியே கடல் தகதக என்று கிடக்கும். உள்ளே மங்கலாக இருக்கும். கண்ணாடி வளையங்களில் என் முகம் துண்டு துண்டாகத் தெரியும். வெந்து போகிற சூடு. அங்கேதான் இருந்தேன்.

பணம் கட்டினது உன் மாமா. அதற்கப்புறம் 1990-இல் அக்கா சடங்குக்கு அம்மா அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. அதையும் மாமாதான் மீட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் படி ஏறுவதையே விட்டேன். மாமா வீட்டுக்கு ஏன் போவதில்லை என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். காரணம் இதுதான். அவர் என்ன தப்புச் செய்தார்?

அம்மா போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியை அக்கா திறந்தாள். அடியில் பட்டுப்புடவைக்குள்ளே அடகுக்கடை ரசீது, மீட்டதாக முத்திரை போட்டது. தேதி 1989 ஜனவரி 17. அக்காவுக்கு அது என்னவென்று தெரியவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டாள். தேதியைப் பார்த்ததும் நான் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். செவலைப் பசுவை விற்றது அந்தப் பொங்கலுக்கு மறுநாள்தானே. என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம் என்று உங்கள் இரண்டு பேர் முன்னாலும் அவளைக் கைநீட்டிப் பேசினேனே. பால் கறக்கிற பசுவை விற்றுத் தின்கிற வீடாடி இது என்று கேட்டேனே. நீ அழுதாய். அவள் தலை குனிந்து அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

33 வருஷம் அதற்கப்புறம் என்னோடு இருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொல்லியிருக்கலாம். அவளும் காத்திருந்து பார்த்திருப்பாள். நான் சொல்லவில்லை, அவள் போய்விட்டாள்.

வேலை போவது திருட்டு இல்லை, தம்பி. நான் செய்ததைப் பார்த்தால் நீ செய்தது ஒன்றுமே இல்லை. பென்ஷனில் எனக்கு மீதம் இருக்கிறது, யாருக்கு வைத்திருக்கிறேன்? மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. வருவதானால் மூன்று பேருமாக வாருங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே இருந்து சமாளிப்பதானால் சமாளி. நீ கெட்டிக்காரன், எனக்குத் தெரியும். மாமாவை நான் வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். ரசீதையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு இப்போது காது கேட்பதில்லை, உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பாப்பாவுக்குப் பல் விழுந்ததாமே, மருமகள் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே. ஆற்றோரம் போவதானால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ, அல்லது மருமகளைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே. அந்தப் பாறை வழுக்கும்.

உன் ஏழு படத்தையும் பெரியவன் பெரிதாக்கிக் காட்டினான். எவ்வளவு பெரிதாக்கினாலும் வெயிலுக்கு எதிரே எடுத்ததால் கூண்டு கறுப்பாகவே இருக்கிறது. மேலே விளக்கறையில் கண்ணாடி இன்னும் இருக்கிறதா, உடைந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை போகும்போது சாயந்திரமாகப் போ, அப்போது வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கும், நன்றாகத் தெரியும். பார்த்துச் சொல். படம் அனுப்ப வேண்டாம். கூப்பிட்டுச் சொல். எந்த நேரமானாலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா